டிவி சித்தப்பாவின் ஆற்றங்கரைச் சிலை

எங்கள் தெருவில் முதலில் டிவி வந்தது எதிர்வீட்டு அக்கா வீட்டுக்குத்தான். அவர் என் கூடப் பிறந்தவர் இல்லை. புதுச்சேரி கருவடிக்குப்பத்துக்கு நான் வாழ வந்த நாளிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவர் வீட்டுக்காரர் பெரிய மார்க்கெட் பக்கத்தில் குடைக்கடை வைத்திருந்தார். ஒரு வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்து, கடையில் குடையெல்லாம் தீர்ந்துபோக, அந்த சந்தோஷத்தில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கினார்கள். எண்பதுகளின் தொடக்கம். அப்போதெல்லாம் சென்னை நிலையம் எங்கள் ஊரில் லேசில் தெரியாது. மாடியில் நீளக் குழாய் நட்டு, அதன் உச்சியில் மீன்முள் மாதிரி ஆன்டெனாவைக் கட்டியிருந்தார்கள். ஒருவர் மேலே நின்று அதைத் திருப்புவார். இன்னொருவர் கீழே சன்னலில் நின்று "தெரியுது, தெரியுது... அய்யோ, போச்சு" என்று கத்துவார்.

வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் சிறுவர் நிகழ்ச்சி. அன்றைக்கு அக்கா வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. நானும் என் மூன்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போவேன். "புள்ளைங்க சண்ட போட்டுக்கும், நான் கூட இருக்கணும்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவேன். அது பொய். பிள்ளைகளுக்குக் காய்ச்சலடித்தால்கூட அந்த அரை மணி நேரத்தை நான் விட்டதில்லை.

நிகழ்ச்சியை நடத்தியவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, காதில் செருகிய பென்சில், முன்பல் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. நாற்காலியில் உட்காரவே மாட்டார். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நம் கண்ணுக்கு நேராகப் பார்த்துப் பேசுவார். ஒவ்வொரு வாரமும் எதையாவது வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார். "சிலந்திக்கு ஆறு காலு" என்பார் ரொம்ப சாதாரணமாக. கூடத்தில் முப்பது பிள்ளைகளும் "எட்டு! எட்டு!" என்று அலறும். அந்தச் சத்தம் சென்னைக்கே கேட்டுவிட்ட மாதிரி அவர் காதைப் பொத்திக்கொண்டு, "சரி சரி, எட்டு. எதுக்கு இப்படிக் கத்துறீங்க?" என்பார். எங்கள் பிள்ளைகள் அவருக்கு டிவி சித்தப்பா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் அம்மா மில்லில் வேலைக்குப் போக, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான். படிப்பு போனதைப் பற்றி நான் பெரிதாக அழுததில்லை. ஆனால் டிவி சித்தப்பா மின்னல் முதலில் தெரிந்து இடி பிறகு கேட்பது ஏன் என்று ஒரு தட்டையும் கரண்டியையும் வைத்துச் சொன்னபோது, இத்தனை வருஷம் இதைத் தெரிந்துகொள்ளாமலா சோறாக்கிக்கொண்டிருந்தோம் என்று இருந்தது. வீட்டில் வந்து என் கணவரிடம் சொன்னேன். அவரும் மில் தொழிலாளி. அன்றைக்குக் காலை ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தார்.

"புள்ளைங்க பாக்குறதப் பாத்துட்டு வந்து எனக்குப் பாடம் நடத்துறியா? பின்னல் போட்டுக்கிட்டு நீயும் ஸ்கூலுக்குப் போ" என்று சிரித்தார்.

கேலிதான். ஆனாலும் அதற்குப் பிறகு நான் அவரிடம் நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

பிள்ளைகள் கேள்வி எழுதி அனுப்பினால் டிவி சித்தப்பா அதைப் படித்துப் பதில் சொல்வார். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. எங்கள் தெருவில் மீன் விற்க வரும் அம்மா மடவை மீனைக் காட்டி, "இது முகத்துவாரத்து மீனு, தனி ருசி" என்று சொல்லும். ஆற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், கடல் தண்ணீர் உப்பு. இரண்டும் கலக்கிற இடத்தில் இருக்கும் மீன் எந்தத் தண்ணீரைக் குடிக்கும்? நாலு நாள் யோசித்தேன். பிறகு ஓர் இன்லேண்ட் கவர் வாங்கி, எட்டு வயதான என் சின்ன மகள் பெயரில் எழுதிப் போட்டேன். அவளிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தக் கடிதம் டிவித் திரையில் வந்தது. டிவி சித்தப்பா கையில் என் எழுத்து! அவர் என் மகளின் பெயரைச் சொன்னதும் கூடமே அவள் பக்கம் திரும்பியது. அவளோ, "நான் எழுதல! சத்தியமா நான் எழுதல!" என்று கத்தினாள்.

டிவி சித்தப்பா கேள்வியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார். "இந்தக் கேள்வியக் கேட்ட பாப்பா புதுச்சேரி. நானும் அந்த ஊருதான். அரியாங்குப்பம் ஆத்தங்கரையில பொறந்தவன். சின்ன வயசுல மடவை புடிச்சிருக்கேன், ஆனா அது என்ன குடிக்குதுன்னு நான் கேட்டதே இல்ல" என்றார். பிறகு, உப்பு கூடினாலும் குறைந்தாலும் தன் உடம்பைச் சரிசெய்துகொள்ளும் மீன் அது, இரண்டு ஊரிலும் வீடு வைத்திருக்கிற ஆள் மாதிரி என்று விளக்கினார். கடைசியில் கடிதத்தைக் காமிராவுக்குக் காட்டி, "பாப்பாவோட எழுத்து உருண்ட உருண்டையா எங்கம்மா எழுத்து மாதிரியே இருக்கு. நெறைய எழுதும்மா" என்று சொல்லி மடித்து வைத்தார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகள் போன பிறகு வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்தி, "தங்கச்சி, எங்க வீட்டுக்காரரு மார்க்கெட்டுக்கு எடுத்துப்போற உன் மளிகைச் சீட்டுல தெனமும் உன் எழுத்தப் பாக்குறவ நான்" என்றார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்று முழுக்க என் மகள் மட்டும், தன் பெயரில் யார் எழுதியது என்று தெருவில் ஒவ்வொருவரையும் பிடித்து விசாரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த ஆண்டோ, அதற்கும் அடுத்த ஆண்டோ, டிவி சித்தப்பா இறந்துபோனார். மாரடைப்பு என்று சொன்னார்கள். அந்த வாரம் நிகழ்ச்சி நேரத்தில் அவருடைய போட்டோவுக்கு மாலை போட்டுக் காட்டினார்கள். அக்காவின் கடைசிப் பையன் டிவிப் பெட்டியின் பின்புறம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

பிறகு ஒருநாள் குடைக்கடையில் பேசிக்கொண்டதாகச் செய்தி வந்தது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், டிவி சித்தப்பா பிறந்த இடத்தில், அந்தப் பகுதி இளைஞர் மன்றத்துக்காரர்கள் அவருக்குச் சிலை வைத்து, திறப்பு விழாவும் முடிந்துவிட்டதாம்.

"போலாமா?" என்றார் அக்கா.

"இன்னாக்கா கேள்வி இது?" என்றேன் நான்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். நான், அக்கா, என் பிள்ளைகள் மூன்று, அவர் பிள்ளைகள் இரண்டு. பெரிய மார்க்கெட்டில் இறங்கினோம். நான் பூக்காரர்களிடம் பேரம் பேசி ஒரு சம்பங்கி மாலை வாங்கினேன். அக்கா, "செலைக்கு மாலை போடுறது எங்க மதத்துல வழக்கமில்ல. நீ போடு, நான் புள்ளைங்களோட நின்னு பாக்குறேன்" என்றார். அதில் எங்களுக்குள் ஒரு சங்கடமும் இல்லை. மாலையைப் பேருந்தில் நசுங்காமல் மடியில் வைத்துக் கொண்டுவந்தது என்னவோ அவர்தான். ஐந்து பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வதே எனக்குப் பெரும் பாடாக இருந்தது.

கடலூர் போகும் பேருந்தில் ஏறி, ஆற்றுப் பாலம் தாண்டி இறங்கி, கரையோரமாகக் கிழக்கே நடந்தோம். படகுகள், காயப்போட்ட வலைகள், தென்னை. தூரத்தில் நீலக் கைப்பிடிச் சுவர் கட்டிய சின்ன இடம் தெரிந்தது. நடுவில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு பீடம். அதன்மேல் சிலை.

பிள்ளைகள் ஓடிப்போய் நின்றார்கள். நாங்களும் போய் நின்றோம்.

முகம் பரவாயில்லை, அவர் சாயல் இருந்தது. பல் இடைவெளிகூட இருந்தது. ஆனால் கழுத்துக்குக் கீழே வேறு யாரோ! முழங்கால் தொடும் ஜிப்பா, தோளில் மடித்துப் போட்ட துண்டு, முன்னால் தள்ளிய தொப்பை. வலது கையை உயர்த்தி, ஆட்காட்டி விரலால் ஆற்றின் அக்கரையை உறுதியாகக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கரையில் ஒரு தென்னந்தோப்பு மட்டும்தான் இருந்தது.

"ம்மா, சித்தப்பா எலக்‌ஷன்ல நிக்கிறாரா?" என்று கேட்டாள் என் சின்ன மகள்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கோ சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. பீடத்துக்குப் பின்னால் ஏணியில் ஒருவர் உட்கார்ந்து, கையில் பிரஷ்ஷோடு சிலையின் வேட்டிக்கரைக்கு வர்ணம் தொட்டுக்கொண்டிருந்தார். கை முழுக்க வெள்ளிப் பூச்சு. அவர்தான் சிலை செய்தவர், வில்லியனூர் பக்கத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது.

"ஏங்க, இதாங்க டிவி சித்தப்பாவா? அவர நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவர் இறங்கி வந்தார். "எங்க வீட்ல டிவி இல்லம்மா. போட்டோ குடுத்தாங்க. அதுல கழுத்து வரைக்கும்தான் இருந்துச்சி."

"அப்ப மீதி?"

அவர் பிரஷ்ஷைத் துணியில் துடைத்தார். "உண்மையச் சொல்லிடுறேன். ஒரு கட்சிக்காரங்க அவங்க தலைவருக்குச் செல கேட்டாங்க. ஒடம்பு முடிச்சிட்டேன், தல பாக்கி. அதுக்குள்ள அவங்களுக்குள்ள சண்ட, ரெண்டாப் பிரிஞ்சிட்டாங்க, யாரும் வரல. ஒடம்பு சும்மா வாசல்ல நின்னுக்கிட்டு இருந்துச்சி. மன்றத்துல இருக்கிறவங்களும் ரொம்ப வசதி இல்லாத புள்ளைங்க. செலவு கொறையட்டுமேன்னு..." என்று நிறுத்தினார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கைப்பிடிச் சுவரில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். சாதாரணப் பருத்திப் புடவை, கண்ணாடி, பக்கத்தில் ஒரு கூடை. நாங்கள் வரும்போதே அங்கேதான் இருந்திருக்கிறார், யாரோ காற்று வாங்க வந்தவர் என்று நினைத்திருந்தோம்.

"எங்கிட்ட நீங்க இதச் சொல்லவே இல்லியே" என்று சிலைக்காரரிடம் சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். பிறகு எங்களைப் பார்த்து, "நான் அவரோட வீட்டுக்காரி" என்றார்.

செத்துப்போன மனிதரின் மனைவி எதிரில் நின்று சிலையைக் குறை சொல்லியிருக்கிறேன். "மன்னிச்சுக்கங்கம்மா, தெரியாம..." என்று இழுத்தேன்.

"எதுக்கு மன்னிப்பு? தெறப்பு விழால எல்லாரும் ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னாங்க. நானும் தலையாட்டிட்டு வீட்டுக்கு வந்து படுத்தா தூக்கம் வரல. அதான் இன்னைக்கித் தனியா வந்து பாத்துக்கிட்டிருக்கேன்." பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இதுல என்னென்ன தப்பு?"

அவ்வளவுதான், பிள்ளைகள் பிடித்துக்கொண்டன. "சட்டை கட்டம் போட்டது!" "காதுல பென்சில் இல்ல!" "துண்டு கெடையாது!" "தொப்பை கெடையாது!" அக்காவின் பெரிய பெண், "நின்னுக்கிட்டே இருக்காரு, சித்தப்பா உக்காந்துதான் பேசுவாரு" என்றாள். கடைசிப் பையன் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் அந்த அம்மா குனிந்து, "உனக்கு?" என்று கேட்டார்.

"எனக்கு மூஞ்சி தெரியல. தாடைதான் தெரியுது" என்றான் அவன்.

அது உண்மை. பீடத்தின் அடியில் நின்றால் பிள்ளைகளுக்கு டிவி சித்தப்பாவின் செருப்பும் தாடையும்தான் தெரிந்தன. அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு அவன் உயரத்துக்குக் குனிந்து, அங்கிருந்து மேலே பார்த்தார். பிறகு சிலைக்காரரை அழைத்து அவரையும் குனியச் சொன்னார். வெள்ளிக் கையோடு அவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஆமாம்மா, தாடைதான்" என்றார் மெதுவாக.

மாலை போடவும் எட்டவில்லை. சிலைக்காரர் தன் ஏணியை வைத்துப் பிடித்துக்கொள்ள, நான் ஏறிப் போட்டேன். இறங்கும்போது என் சின்ன மகள் கீழேயிருந்து, "சித்தி, என் பேர்ல யாரோ மடவை மீனப் பத்தி லெட்டர் எழுதிட்டாங்க. சித்தப்பா படிச்சாரு. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பது காதில் விழுந்தது. அவரைச் சித்தி என்று கூப்பிட யாரும் சொல்லித்தரவில்லை. சித்தப்பா வீட்டுக்காரி சித்திதானே என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

நான் ஏணியின் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டேன். அக்கா வேறு பக்கம் பார்த்தார்.

"ஆயிரம் லெட்டர் வரும்மா, எனக்கு ஞாபகம் இல்லியே" என்றார் அந்த அம்மா. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டார். எப்படித்தான் புரிந்ததோ. மெல்ல என் பக்கம் வந்து, "நீங்களா?" என்றார் உதட்டசைவில்.

தலையாட்டினேன். அப்புறம் எனக்கே தாங்காமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன். "நான்தாண்டி எழுதினேன். கேள்வி எனக்குத்தான் இருந்துச்சி."

என் மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. "உம் பேரப் போட்டு எழுத வேண்டியதுதானே? எல்லாரும் என்னயப் பாத்தாங்க" என்றாள்.

"பெரியவங்க எழுதலாமான்னு தெரியலடி."

"எழுதலாமே. வந்த லெட்டர்ல பாதி பெரியவங்க எழுதினதுதான்" என்றார் அந்த அம்மா. "எல்லாரும் புள்ளைங்க பேரப் போட்டுத்தான் எழுதுவாங்க. பேங்க் மேனேஜரு ஒருத்தரு, அவரு பேரன் பேர்ல மாசா மாசம் எழுதுவாரு. அவருக்குக் கல்யாணமே ஆவலன்னு பின்னாடிதான் தெரிஞ்சிது."

கூடையிலிருந்து வேர்க்கடலை எடுத்துக் கொடுத்தார். ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து தின்றோம். சிலைக்காரரையும் உட்காரச் சொன்னோம். அவர் தயங்கித் தயங்கி உட்கார்ந்து, "டிவில என்னதாம்மா சொல்லுவாரு?" என்று கேட்டார். பிள்ளைகள் ஐந்தும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கின. சிலந்தி, இடி, மின்னல், மடவை எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து வந்தன. அவர் ஒவ்வொன்றுக்கும் "அப்படியா?" என்றார். நிஜமாகவே அப்போதுதான் அவர் அந்த மனிதரைத் தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு கடிதம் எழுதினேன். இந்த முறை என் பெயரில், இளைஞர் மன்றத்துக்கு. சிலையைக் குறை சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு முகம் தெரியவில்லை, ஏறிப் பார்க்க வழி செய்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் எழுதினேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என் கணவரிடம் காட்டினேன். கேலி செய்வார் என்று காத்திருந்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "அடியில நம்ம அட்ரஸ எழுது, அப்பத்தான் பதில் வரும்" என்று மட்டும் சொன்னார்.

பதில் வரவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து அக்கா வீட்டுக்காரர் சொன்னார், மன்றத்துப் பையன்கள் வண்டி வண்டியாக மண் கொட்டி பீடத்தைச் சுற்றி ஒரு மேடு செய்துவிட்டார்களாம். அந்த மண் முதல் மழையிலேயே கரைந்து ஆற்றுக்குப் போய்விட்டது. விடவில்லை, அடுத்த கோடையில் செங்கல் வைத்து நாலு பக்கமும் படி கட்டிவிட்டார்கள். சிலைக்காரர் கூலி வாங்காமல் கொத்தனாரோடு நின்றாராம். போதாததற்குக் காதில் ஒரு சிமென்ட் பென்சிலைச் செருகி, ஜிப்பாவின்மேல் வர்ணத்தால் கட்டம் போட்டுவிட்டாராம். துண்டையும் தொப்பையையும் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதைப் பார்க்க என் கணவரோடு போனேன். பிள்ளைகள் அக்காவோடு கடற்கரைக்குப் போய்விட்டார்கள். மகளுக்கு அதற்குள், சித்தப்பா போனபின் வேறொருவர் நடத்திவந்த அந்த நிகழ்ச்சிமேல் ஆசை குறைந்திருந்தது. சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஊருக்குக் குறுக்கே போனேன். பாலம் ஏறும்போது அவர் மூச்சு வாங்க, நான் இறங்கி நடந்தேன்.

ஆற்றங்கரையில் ஏழெட்டுப் பிள்ளைகள் படிகளில் இருந்தன. சிலையின் நீட்டிய கையில் மூன்று புத்தகப்பைகளும் ஒரு சின்ன வலையும் தொங்கின. "ஏய், செலையில பைய மாட்டலாமா?" என்று என் கணவர் அதட்டினார்.

மேல்படியில் இருந்த ஒரு சிறுமி திரும்பிப் பார்த்தாள். "சும்மாதானே நீட்டிக்கிட்டு இருக்காரு" என்றாள்.

என் கணவர் படியேறி டிவி சித்தப்பாவுக்கு நேர் எதிரே போய் நின்று, முகத்தை நன்றாகப் பார்த்தார். "நல்ல ஆளா இருந்திருப்பாரு போல" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "ஆமா, அந்த இடி மின்னல் சமாச்சாரம் இன்னா சொன்ன? அன்னைக்கித் தூக்கக் கலக்கத்துல கேட்டுக்கல" என்றார்.

படியில் உட்கார்ந்து சொன்னேன். தட்டும் கரண்டியும் இல்லாததால், தூரத்தில் ஒருவர் படகின் பக்கப்பலகையில் ஆணி அடித்துக்கொண்டிருந்ததைக் காட்டினேன். சுத்தியல் இறங்குவது முதலில் தெரிந்தது, சத்தம் சற்றுப் பிந்தி வந்தது. அவர் வாயைத் திறந்தபடி நாலைந்து அடி பார்த்தார். அந்தச் சிறுமியும் மற்ற பிள்ளைகளும் அருகில் வந்து எட்டிப் பார்த்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து, அந்த மனிதர் வேலையை முடித்துச் சுத்தியலைக் கீழே வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.